புதுக் கொம்பியூட்டரில் தமிழ்ப் புள்ளி மங்குகிறது: பிறவுசரா, என் கண்ணா?

கடலடி அச்சு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் சின்னக் கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, தட்டச்சு, மரண அறிவித்தல், 31ஆம் நாள் கல்வெட்டு, இடைக்கிடை கல்யாண அழைப்பிதழ், இப்படித்தான் பிழைப்பு. பதினொரு வருடம் உழைத்த விண்டோஸ் 7 பெட்டி இரண்டு மாதத்துக்கு முன் படுத்துவிட்டது. ஒரு கடையில் பாவித்த பெட்டி ஒன்று எடுத்தேன், விண்டோஸ் 11 போட்டுத் தந்தார்கள். மொனிட்டர் மட்டும் பழையதுதான், 19 அங்குலம், சதுரமாக இருக்குமே, அது.

இப்போது பிறவுசரில் தமிழ் எழுத்து எனக்குப் பிடிபடவில்லை. முன்பு கறுப்பாக நின்ற எழுத்து இப்போது தண்ணீர் கலந்த மை போல இருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை, புள்ளிதான் பெரிய தொல்லை. க் என்றால் மேலே இருப்பது புள்ளியா தூசியா என்று இரண்டு தரம் மொனிட்டரைத் துடைத்துப் பார்த்தேன், பகிடிக்குச் சொல்லவில்லை.

போன கிழமை ஒரு செத்தவீட்டு அறிவித்தல். பிறவுசரிலேயே தட்டச்சு செய்து, பிழை பார்த்து, 60 பிரதி அடித்துக் கொடுத்துவிட்டேன். "தகனக் கிரியைகள்" என்று வரவேண்டிய இடத்தில் "தகனக கிரியைகள்" என்று போயிருக்கிறது. திரையில் பார்த்தபோது புள்ளி இருப்பதாகவே மனம் நினைத்துக்கொண்டது. மதிலில் ஒட்டிய பிறகு செத்தவரின் சித்தப்பா முறையான ஒருவர்தான் கண்டுபிடித்தார். சத்தம் போடவில்லை, அமைதியாக வந்து தாளை மேசையில் வைத்துவிட்டு நின்றார். அதற்குச் சத்தமே போட்டிருக்கலாம். காசு வாங்காமல் திரும்ப அடித்துக் கொடுத்தேன்.

2012இல் நானே தட்டுத்தடுமாறிச் செய்த ஒரு சின்ன இணையத்தளமும் இருக்கிறது, ஊர் அறிவித்தல்களைப் போட. அதிலும் வரி மடியும் இடமெல்லாம் மாறிவிட்டது. தலைப்பு எழுத்து ஒரு மாதிரி, உள் எழுத்து வேறு மாதிரி.

மகன் கண்ணாடியை மாற்றச் சொல்கிறான். கண் வைத்தியரிடம் போகமுன் இங்கே கேட்கிறேன். பிறவுசர்கள் எழுத்தை வரைகிற விதத்தை மாற்றிவிட்டார்களா?

---

பாலையூற்றான் எழுதியது:

அண்ணை, ஓம், மாற்றியிருக்கிறார்கள். ஆனால் ஒரு தரம் அல்ல, பல தரம். எந்த மாற்றம் உங்களைப் பிடித்தது என்பதைப் பிரித்துப் பார்க்கவேண்டும், அதுதான் கொஞ்சம் மினக்கெட்ட வேலை.

இந்தக் கதை வந்தவுடன் எல்லோரும் "டைரக்ட்ரைட்" என்று ஆரம்பிப்பார்கள். முன்பு விண்டோஸில் பிறவுசர்கள் ஜிடிஐ என்ற பழைய முறையில் எழுத்தை வரைந்தன. அது எழுத்தின் கோடுகளை முழுப் பிக்ஸலில் இழுத்து நிறுத்தும், ஒவ்வொரு எழுத்தின் அகலமும் முழு எண்ணாக இருக்கும். வடிவம் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் கோடு கறுப்பாக, கத்தி மாதிரி நிற்கும். அதற்குப் பின் வந்த டைரக்ட்ரைட் முறை வடிவத்துக்கு மரியாதை கொடுக்கும், ஓரத்தை மென்மையாக்கும், எழுத்தைப் பிக்ஸலின் நடுவிலும் வைக்கும். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 9, ஃபயர்பொக்ஸ் 4 இரண்டும் 2011இலேயே அதற்குப் போய்விட்டன. குரோம் 2014இல், 37ஆம் பதிப்பில்தான் வந்தது. ஆனால் அது உங்கள் பழைய பெட்டியிலேயே நடந்து முடிந்த கதை, இப்போது அதைக் குற்றம் சொல்ல முடியாது.

உங்கள் விசயம் வேறு. குரோம் 2023 பெப்ரவரியில் 110ஆம் பதிப்போடு விண்டோஸ் 7ஐக் கைவிட்டது, 109தான் கடைசி. எட்ஜும் அப்படியே. ஆகவே நீங்கள் பாவித்தது குரோம் வகைப் பிறவுசர் என்றால், அது இத்தனை காலமும் 109இல் உறைந்து கிடந்திருக்கும். பெட்டியை மாற்றிய அன்று அதற்குப் பிறகு வந்த எல்லா மாற்றமும் ஒரே காலையில் உங்கள் கண்ணில் விழுந்திருக்கிறது. மற்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியதை நீங்கள் ஒரே நாளில் விழுங்கியிருக்கிறீர்கள்.

அதில் ஒன்று முக்கியம். விண்டோஸில் கிளியர்டைப் ட்யூனர் என்று ஒரு கருவி இருக்கிறது, ஸ்டார்ட்டில் "கிளியர்டைப்" என்று ஆங்கிலத்தில் தேடினால் வரும். எழுத்து எவ்வளவு கறுப்பாக, எவ்வளவு தடிப்பாக இருக்கவேண்டும் என்று அதில் தெரிவு செய்யலாம். குரோமும் எட்ஜும் அதில் சொல்லும் கறுப்பு அளவை நெடுங்காலம் கணக்கில் எடுக்கவில்லை, தங்களுக்குள் நிலையாக வைத்த அளவையே பாவித்தன. 2025 தொடக்கத்தில் வந்த 132ஆம் பதிப்பிலிருந்துதான் ட்யூனர் சொல்வதைக் கேட்கின்றன. குரோம், எட்ஜ் இரண்டுக்கும் அடிப்படையான குரோமியம் நிரலுக்குள் மைக்ரோசொஃப்ட்டின் எட்ஜ் ஆட்கள் செய்த வேலை அது. முன்பு அந்தக் கருவியை ஓட்டிப் பார்த்து "ஒன்றும் மாறவில்லையே" என்று விட்டவர்கள் இப்போது திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். முடித்த பிறகு பிறவுசரை மூடித் திறவுங்கள்.

ஒரு சின்னச் சிக்கல், ட்யூனர் காட்டும் மாதிரி வரிகள் எல்லாம் ஆங்கில எழுத்துத்தான், நம்முடைய புள்ளி அதில் இல்லை. நான் சின்ன "ஐ" எழுத்தின் மேலே இருக்கும் பொட்டைப் பார்த்துத்தான் தெரிவு செய்வேன். எந்த மாதிரியில் அந்தப் பொட்டு நன்றாகக் கறுத்து நிற்கிறதோ அது நமக்கு நல்லது.

ஏன் புள்ளி முதலில் சாகிறது என்றால், 14 பிக்ஸல் எழுத்தில் புள்ளிக்குக் கிடைப்பது இரண்டு பிக்ஸல்கூட இல்லை. கிளியர்டைப் என்பது எழுத்தைக் கூர்மையாகக் காட்ட விண்டோஸ் செய்யும் வித்தை, அது ஒவ்வொரு பிக்ஸலுக்குள்ளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் சிவப்பு, பச்சை, நீலக் கீற்றுகளைத் தனித்தனியாகப் பாவித்து இடம்-வலமாகக் கூர்மை சேர்க்கிறது. மேல்-கீழாக அந்த வித்தை இல்லை. புள்ளி இரண்டு பிக்ஸல் வரிசைகளுக்கு நடுவில் விழுந்தால் இரண்டிலும் பாதிச் சாம்பல், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் ஒரு பொட்டு மங்கினாலும் சொல் மாறாது. நமக்கு மாறும்.

அப்புறம் இதையும் செய்யுங்கள், முதலில் இதையே செய்யுங்கள். மங்கலாகத் தெரியும் பக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து உங்கள் ஃபோனுக்கு அனுப்பிப் பாருங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பவேண்டாம், அது அமுக்கிக் கெடுத்துவிடும், டொக்கியுமன்ட்டாக அனுப்புங்கள். ஃபோனில் நல்லாகத் தெரிந்தால் எழுத்தை வரைந்ததில் பிழை இல்லை, பிழை மொனிட்டரில் அல்லது கேபிளில். ஃபோனிலும் மங்கல் என்றால் பிறவுசர் பக்கம் வருவோம்.

---

கோட்டை மான் எழுதியது:

பழைய பாமினி எழுத்துருவில் அடித்திருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காது 😀 எங்கள் கோட்டை வாசல் மான்கள்கூட நோட்டிஸை வாசிக்காது, தின்னத்தான் தின்னும். அதற்குள் பிழை கண்டுபிடிக்கிறார்களாம்.

---

கடலடி அச்சு எழுதியது:

மான் தம்பி, ஒட்டின பசைக்காகத்தான் தின்கின்றன, என் எழுத்துக்காக இல்லை.

பாலையூற்றான் சொன்னபடி செய்தேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஃபோனில் படம் கண்ணாடி மாதிரித் தெரிகிறது. முன்பு இருந்ததைவிட எழுத்து மெலிவுதான், ஆனால் புள்ளி புள்ளியாகவே இருக்கிறது. அப்போ மொனிட்டர்தானே?

பெட்டி பூட்டித் தந்த பொடியன் "அங்கிள், எழுத்துப் பெரிதாக வேண்டுமா" என்று கேட்டான். வேண்டும் என்றேன். அவன் திரையை 1024க்கு 768 என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறான். மொனிட்டரின் பின்பக்கத்து ஸ்டிக்கரில் 1280க்கு 1024 என்று இருக்கிறது. இதனால் இவ்வளவு கெடுமா?

---

பாலையூற்றான் எழுதியது:

கெடும். இதுதான் முக்கால்வாசி. கிளியர்டைப் போடும் கணக்கு முழுக்க "என் ஒரு பிக்ஸல், மொனிட்டரின் ஒரு பிக்ஸல்" என்ற நம்பிக்கையில்தான் நிற்கிறது. 1024ஐ 1280இல் இழுத்துப் பரப்பினால் நாலு பிக்ஸல் ஐந்தாகிறது, அந்தச் சிவப்பு, நீலக் கீற்றெல்லாம் இடம் மாறி விழுகிறது. அதுவும் 4:3 படத்தை 5:4 திரையில் போட்டால் எழுத்து மேல்-கீழாகக் கொஞ்சம் நீண்டும் இருக்கும், கவனித்தீர்களா தெரியாது. 1280க்கு 1024இல் வைத்துவிட்டு, எழுத்துப் பெரிதாக வேண்டுமென்றால் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ஸ்கேலை 125 சதவீதம் ஆக்குங்கள். அப்படிச் செய்தால் எழுத்தைப் பெரிதாக வரைவார்கள், வரைந்த எழுத்தை இழுக்கமாட்டார்கள். விஜிஏ கேபிள் என்றால் மொனிட்டரில் இருக்கும் ஓட்டோ பொத்தானையும் ஒருக்கா அமத்துங்கள்.

அதன் பிறகு ட்யூனர். அந்த ஒழுங்கில்.

---

பழைய ஈயம் எழுதியது:

தம்பிமார் கதைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பிரதான வீதியில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோர்த்தவன், பிறகு கொம்பியூட்டருக்கு மாறியவன். பாமினிக் கதை பகிடிக்கு வந்தாலும் அதில் ஒரு விசயம் இருக்கிறது.

பாமினிக் காலத்தில் பிறவுசருக்குத் தமிழ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. உள்ளே கிடந்தது ஆங்கில எழுத்து, எழுத்துரு மேலே தமிழ் முகமூடி போட்டது. "கொ" என்றால் கொம்பு, க, அரவு என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே நாம் அடித்தோம், அது அப்படியே வரிசையாக வந்தது. ஈயத்தில் கோர்த்த மாதிரியேதான், அதனால் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிறவுசர் எத்தனை தரம் மாறினாலும் எழுத்துக் குழம்பாது. ஆனால் எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் முழுக்கக் குப்பை. அதைச் சமாளிக்க 1997 அளவில் நெட்ஸ்கேப் ஒரு வழியும் எக்ஸ்புளோரர் வேறொரு வழியுமாக எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்பின. ஒன்றுக்குச் செய்தது மற்றதில் ஓடாது.

ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் சொந்த எண் கொடுக்கும் யூனிகோடு வந்தபோது பிறவுசருக்கு உண்மையான வேலை வந்தது. உள்ளே க முதலில், ொ பிறகு. திரையில் கொம்பு முன்னால் போகவேண்டும். விண்டோஸ் எக்ஸ்பியில் கன்ட்ரோல் பனலுக்குள் போய் ஒரு சின்னப் பெட்டியில் சரி போடாவிட்டால் கொம்பு பின்னால் நிற்கும், பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டமும் வரும். எத்தனை பேருக்கு அந்தச் சரியைப் போட்டுக் கொடுத்திருப்பேன்! அந்த இடம் மாற்றும் வேலையைக் குரோமிலும் ஃபயர்பொக்ஸிலும் இப்போது செய்வது ஹார்ஃப்பஸ் என்ற நிரல். அதனால்தான் இரண்டிலும் "கொ" ஒரே மாதிரி வருகிறது. ஆகவே கடலடித் தம்பி, பிறவுசர் தமிழைக் கெடுத்துவிட்டது என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். வடிவத்தில் பிழை இல்லாமல் மை மட்டும் குறைந்தால் அது வேறு நோய்.

மை என்றதும் ஞாபகம் வருகிறது. லதா எழுத்துரு பாவிக்கிறீர்களா? விண்டோஸ் 2000 தொடங்கி விண்டோஸோடு வந்தது. அது அகலமான, தடித்த கை. நீங்கள் பழைய பெட்டியில் பார்த்துப் பழகியது அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

---

சம்பல்தீவு வலை எழுதியது:

ஐயா சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். கடலடி அண்ணா, உங்கள் தளத்தின் சிஎஸ்எஸ்ஸை, அதாவது தோற்றத்தைச் சொல்லும் கோப்பை, திறந்து பார்த்தேன். 2012இல் எழுதிய வரியில் லதா என்று ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது, அதன் பின் ஒன்றும் இல்லை.

விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் தானாக வருவதில்லை. தமிழுக்கான மேலதிக எழுத்துருத் தொகுதி என்று ஒப்ஷனல் ஃபீச்சர்ஸுக்குள் ஒதுக்கி வைத்துவிட்டார்கள், தேவையானவர் இறக்கிக்கொள்ளலாம். எல்லோரிடமும் இருப்பது நிர்மலா யூஐ. அது விண்டோஸ் 8 காலத்தில் வந்தது, மெனுக்களில் பாவிப்பதற்காகச் செய்தது, மெலிந்த கை. அதன் அகலம் வேறு என்பதால்தான் உங்கள் வரிகள் வேறு இடத்தில் மடிகின்றன. எழுத்து வரையும் முறை மாறியதால் மட்டும் வரி அவ்வளவு மாறாது. வரி மடியும் இடம் பெரிதாக மாறினால் முதலில் எழுத்துருவையே சந்தேகப்படுங்கள்.

உங்கள் கடைக் கொம்பியூட்டரில் லதாவை இறக்கினால் உங்களுக்கு மட்டும் சரியாகும். கிண்ணியாவில் இருந்து ஃபோனில் பார்ப்பவருக்கு அது இல்லை. லதாவை எடுத்துத் தளத்தில் ஏற்றவும் முடியாது, உரிமம் இடம் கொடுக்காது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கட்டமரன் மாதிரி இலவச உரிமத்தில் உள்ள ஒன்றை வொஃப் 2 என்ற இணைய எழுத்துருக் கோப்பாகத் தளத்திலேயே வையுங்கள். சிஎஸ்எஸ்ஸில் ஃபொன்ட்-டிஸ்ப்ளே என்ற வரியில் ஸ்வாப் என்று போடுங்கள், அது வரும்வரை இருக்கிற எழுத்துருவில் காட்டும், இல்லாவிட்டால் சிக்னல் குறைந்த இடத்தில் எழுத்துரு வந்துசேரும்வரை குரோம் மூன்று விநாடி வெறும் வெள்ளையைக் காட்டும். மரண அறிவித்தலில் பெயர் வராமல் வெள்ளைத் திரை வந்தால் ஆட்கள் பதறுவார்கள்.

கோப்பைச் சிறிதாக்க எழுத்துகளை வெட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். உள்ளே இருக்கும் சேர்க்கை அட்டவணையும் சேர்ந்து வெட்டுப்பட்டால் க்ஷ, ஸ்ரீ எல்லாம் துண்டு துண்டாக நிற்கும். நம் ஊர்ப் பெயர்களில் ஸ்ரீக்குப் பஞ்சமில்லை.

இனித் தலைப்பு. அது வேறு மாதிரி இருப்பதற்கு இரண்டு காரணம். ஒன்று, தலைப்புக்கு நீங்கள் பின்னர் சேர்த்த எழுத்துருவில் சாதாரணத் தடிப்பு மட்டும்தான் இருக்கிறது, நீங்கள் போல்ட் கேட்டிருக்கிறீர்கள். தடித்த கோப்பு இல்லாவிட்டால் பிறவுசர் இருக்கிற எழுத்தையே கொஞ்சம் அப்பித் தடிப்பாக்கும். ஆங்கிலத்தில் அது பெரிதாகத் தெரியாது. நமக்கு ண, ஞ, ழ எழுத்துகளின் சுழி உள்ளுக்குள் அடைத்துக்கொள்ளும். உங்கள் "கண்ணீர் அஞ்சலி"யில் ண்ணீ என்ற இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், மை கொட்டின மாதிரி இருக்கிறது. தடித்த கோப்பையும் சேருங்கள்.

இரண்டாவது, தலைப்பு மெல்ல மெல்லத் தோன்றுகிற மாதிரி ஓர் அசைவு வைத்திருக்கிறீர்கள், அதற்காக வில்-சேஞ்ச் என்று, இந்தத் துண்டு மாறப்போகிறது என்று பிறவுசருக்கு முன்கூட்டியே சொல்லும் ஒரு வரியும் இருக்கிறது. அப்படிச் செய்தால் பிறவுசர் அந்தத் துண்டைத் தனித் தாளாக எடுத்து வரைகிறது. அந்தத் தாள் பின்னணி இல்லாமல் ஒளி ஊடுருவுவதாக இருந்தால் நிறக் கீற்று வித்தையைச் செய்ய முடியாது, ஏனென்றால் பின்னால் என்ன நிறம் வரும் என்று அதற்குத் தெரியாது. ஆகவே சாம்பல் முறைக்கு இறங்கிவிடும். ஒரே பக்கத்தில் தலைப்பு ஒரு மாதிரி, உள் எழுத்து வேறு மாதிரித் தெரிவது இதனால்தான். மக் பாவிப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் விளங்காது, அங்கே 2018இல் மொஹாவே என்ற பதிப்போடு நிறக் கீற்று முறையையே நிறுத்திவிட்டார்கள், எல்லாம் சாம்பல்தான். அவர்களின் திரையில் பிக்ஸல் பொடி பொடியாக இருப்பதால் அது அவர்களுக்குக் கட்டும். 19 அங்குலச் சதுர மொனிட்டருக்குக் கட்டாது.

கடைசியாக ஒன்று, லைன்-ஹைட்டை, அதாவது வரி உயரத்தை, 1 என்று வைத்திருக்கிறீர்கள். கீ, கூ எல்லாம் மேலும் கீழும் முட்டுகின்றன. 1.6 வையுங்கள். தமிழுக்கு மூச்சு விட இடம் வேண்டும்.

---

ஃபோன் மட்டும் எழுதியது:

இடையில் புகுந்து கேட்கிறேன், ஃபோனிலும் ஏதாவது மாற்றியிருக்கிறார்களா? எனக்கு ஒன்றும் தெரியவில்லையே.

---

சம்பல்தீவு வலை எழுதியது:

மாற்றியிருக்கிறார்கள், தெரியக்கூடாது என்றுதான் மாற்றினார்கள். ஆண்ட்ரொய்ட் குரோமில் இணைய எழுத்துருக்களைக் கையாளும் வேலை ஃப்ரீடைப் என்ற பழைய நிரலிடம் இருந்தது. 133ஆம் பதிப்பில் அதை எடுத்துவிட்டு, ரஸ்ட் என்ற நிரல் மொழியில் எழுதிய ஸ்க்ரிஃபாவைப் போட்டார்கள். அழகுக்காக அல்ல, பாதுகாப்புக்காக. முன்பின் தெரியாத தளத்திலிருந்து வரும் எழுத்துருக் கோப்புக்குள் நஞ்சு வைக்க முடியும் என்பதால். பிக்ஸல் பிக்ஸலாக ஒப்பிட்டுப் பார்த்துத்தான் மாற்றினார்கள்.

---

கடலடி அச்சு எழுதியது:

நேற்று இரவு கடையைப் பூட்டிவிட்டு இருந்து எல்லாம் செய்தேன். வரிசையாகச் சொல்கிறேன், பிறகு தேடி வருகிற யாருக்காவது உதவும்.

1280க்கு 1024 வைத்தவுடனேயே திரை தூசி தட்டின மாதிரி ஆகிவிட்டது. எழுத்துச் சிறிது, 125 ஆக்கினேன். ஓட்டோ பொத்தானை அமத்தினேன், படம் ஒரு நூல் அளவு இடப்பக்கம் நகர்ந்து நின்றது, அதன் பிறகு ஓரங்களில் இருந்த நிழலும் போய்விட்டது. பதினொரு வருடமாக அந்தப் பொத்தான் எதற்கு என்று தெரியாமல் இருந்திருக்கிறேன்.

ட்யூனர் ஓட்டினேன். ஆங்கிலப் பொட்டைப் பார்த்துத் தெரிவு செய்யச் சொன்னது நல்ல யோசனை. மூன்றாவது தரம் ஓட்டித்தான் எனக்குப் பிடித்த கறுப்பு வந்தது. லதாவை இறக்கினேன், தட்டச்சு வேலைக்கு அதுதான் எனக்குச் சரி, கை பழகிய கத்தி மாதிரி. "தகனக் கிரியைகள்" என்று அடித்துப் பார்த்தேன். புள்ளி நிற்கிறது. இருந்தாலும் இனி அறிவித்தல் எதையும் 200 சதவீதத்துக்குப் பெருப்பித்து ஒருக்கா வாசிக்காமல் அடிப்பதில்லை என்று வைத்திருக்கிறேன்.

தளத்துக்கு முக்தா மலர் போட்டேன், சாதாரணமும் தடிப்பும் இரண்டும். "கண்ணீர்" இப்போது கண்ணீராக இருக்கிறது. லைன்-ஹைட் மாற்றியதில் பக்கம் நீண்டுவிட்டது, பரவாயில்லை.

தலைப்பு மட்டும் இன்னும் கொஞ்சம் சாம்பல். அந்த அசைவை எடுக்க மனமில்லை தங்கச்சி, 2012இல் மூன்று இரவு விழித்திருந்து செய்தது.

---

சம்பல்தீவு வலை எழுதியது:

எடுக்கவேண்டாம் அண்ணா. அசைவு முடிந்தவுடன் வில்-சேஞ்ச் வரி கழன்றுபோகிற மாதிரி ஒரு சின்னத் துண்டு எழுதித் தருகிறேன். தோன்றும்போது சாம்பலாக இருக்கும், நின்ற பிறகு கறுத்துவிடும். அதோடு தலைப்புக்குப் பின்னால் வெள்ளைப் பின்னணியையும் போடுங்கள்.

---

கடலடி அச்சு எழுதியது:

போட்டேன். கறுத்துவிட்டது. கண் வைத்தியரிடமும் போய் வந்தேன், மகனின் வாயை அடைக்க. கண்ணாடியும் மாற்றத்தான் வேண்டுமாம்.